சிவப்பு டேப் சுற்றிய ஒயர்

அருணகிரிக்கு எதுவும் சும்மா இருக்கக் கூடாது. மனிதனாக இருந்தாலும் சரி, மாடாக இருந்தாலும் சரி, மண்வெட்டியாக இருந்தாலும் சரி. முட்டை வைப்பதை நிறுத்திய கோழிக்கு அவர் பண்ணையில் இடமில்லை. லாரி ஷெட்டில் நின்றால் டிரைவரைக் கூப்பிட்டு, "வண்டிக்குக் காய்ச்சலா?" என்பார். கோயிலுக்குப் போனால்கூடச் சாமி கும்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். பிராகாரத்தில் காற்று வாங்க உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். இப்படிப்பட்ட மனிதரின் பண்ணை ஆபீசில், அவர் நாற்காலிக்கு நேர் எதிரே, சுவரில் மாட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஆரஞ்சு விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு பெரிய அநியாயம் என்று பாருங்கள்.

கண்ணாடிக்குள் இருந்ததற்கு ஸ்விட்ச் என்று பெயர். லைட்டுப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. கேமரா, பில் போடும் கம்ப்யூட்டர், எடைமேடை, கோழி ஷெட் என்று பண்ணையில் எங்கெங்கோ இருந்து வரும் ஒயர்களெல்லாம் வந்து சொருகிக்கொள்ளும் தகரப் பெட்டி. ஆபீசில் ஒன்று, தீவன மில்லில் ஒன்று, புது ஷெட்டில் ஒன்று. மூன்றையும் வாங்கி மாட்டியவள் மருமகள் இலக்கியா. கல்யாணத்துக்கு முன்பு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கம்பெனியில் இதே வேலையைத்தான் கல்லூரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் செய்துகொண்டிருந்தாள். புருஷன் தனசேகர் முட்டை விற்கக் கேரளாவே கதியென்று கிடந்ததால், புதுச்சத்திரம் பண்ணையின் ஆபீஸ் அவள் கைக்கு வந்தது.

மூன்று பெட்டிகளையும் அவள் வளையமாக இணைத்திருந்தாள். ஆபீசிலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து ஷெட்டுக்கு, ஷெட்டிலிருந்து மறுபடி ஆபீசுக்கு. மில்லில் எலி உண்டு; எலிக்குத் தீவனத்தைவிட ஒயர்தான் ருசி. ஒரு பக்கம் கடிபட்டாலும் இன்னொரு பக்கம் வழி இருக்கட்டும் என்று அவள் செய்த ஏற்பாடு அது. அந்த இன்னொரு பக்கத்து விளக்குதான் ஆரஞ்சு.

"ஏஞ்சாமி, மத்ததெல்லாம் பச்சையா மினுக்குது. இது ஒண்ணு மட்டும் எதுக்கு இப்படி எரியுது?" என்று அருணகிரி முதல் நாளே கேட்டார்.

"அத அடைச்சு வெச்சிருக்குதுங்க மாமா. அந்த ஒயர்ல இப்போதைக்கு எதுவும் போகாது."

"பள்ளம் தோண்டிப் பைப்புப் போட்டு ஒயர இழுத்தாச்சு. அப்புறம் எதுக்கு அடைச்சு வெக்கோணும்?"

இலக்கியாவுக்குப் பொறுமை அதிகம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். "சந்தையில ஒருத்தன், 'என்ற ஆட்டக் காணோம்'னு கத்தறான்னு வெச்சுக்குங்க. கேக்கறவன் எல்லாம் அத அப்படியே திருப்பிக் கத்தோணும். இந்தப் பெட்டிங்களோட பழக்கம் அது. ரோடு எங்கியாவது முடிஞ்சா சத்தமும் முடிஞ்சிரும். ரோடு வளையமா இருந்தா, கத்துனவன் காதுக்கே சத்தம் திரும்பி வரும். அவன் மறுபடி கத்துவான். கொஞ்ச நேரத்துல அந்தச் சந்தையில வேற யார் பேசறதும் கேக்காது. அதனால பெட்டிங்க மூணும் தங்களுக்குள்ள பேசிக்கிட்டு ஒரு பக்கத்த அடைச்சு வெச்சுக்கும். ஸ்பானிங் ட்ரீன்னு பேரு. மில்லுல எலி கடிச்சா இது தானாத் தொறந்துக்கும்."

"எலி கடிச்சாத்தான் அதுக்கு வேலையா?"

"ஆமாங்க."

"அது வரைக்கும் சும்மா?"

"சும்மா இல்லீங்க மாமா. பாத்துக்கிட்டு இருக்குது."

அருணகிரிக்குப் பதில் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருப்பதை ஒரு வேலையென்று அவர் என்றைக்குமே ஒப்புக்கொண்டதில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் மாரியப்பனையே அவர் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடிக்கொள்ளும். தானாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு ஆள். போகும்போதும் வரும்போதும், "என்ன மாரியப்பா, பாத்தாச்சா?" என்பார். மாரியப்பனும் சளைக்காமல், "பாத்துட்டேனுங்க" என்பான்.

ஒரே ஒயரில் மூன்று விதமான பேச்சு போகிறது, கேமராவின் பேச்சு பில்லுக்குக் கேட்காது, பில்லின் பேச்சு ஷெட் அலாரத்துக்குக் கேட்காது, அதற்கு விலேன் என்று பெயர் என்று இன்னொரு நாள் இலக்கியா சொன்னாள். "ஒரே பந்தியில உக்காந்துக்கிட்டு, பக்கத்து எலையில என்ன இருக்குதுன்னு தெரியாம சாப்புடறதா?" என்று அருணகிரி சிரித்தார். "அப்படித்தானுங்க மாமா" என்று அவளும் சிரித்தாள். மாமனாரும் மருமகளும் நன்றாகத்தான் இருந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

புது ஷெட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜன்னலே இல்லாத நீளக் கட்டடம். ஒரு கோடியில் தண்ணீர் வழியும் தட்டிகள், மறு கோடியில் ஆளுயரக் காத்தாடிகள். காத்தாடி காற்றை இழுக்க இழுக்க, தட்டி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். முப்பதாயிரம் கோழிகள், எல்லாம் புதிதாக முட்டைக்கு வந்தவை. காத்தாடி நின்றால் உள்ளே இருப்பது வெறும் அடுப்பு. வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் கரண்ட் போனாலும், ஜெனரேட்டர் ஓடாவிட்டாலும், சூடு ஏறினாலும் ஷெட்டிலிருந்து அருணகிரியின் போனுக்கும் இலக்கியாவின் போனுக்கும் அலாரம் வரும்படி, பெட்டிகளுக்கெல்லாம் பேட்டரி வைத்து அவள் செய்திருந்தாள். ஷெட்டிலேயே ஒரு சங்கும் இருந்தது. முதல் மாதம் அது ஒரு தடவை காரணமில்லாமல் ஊதிக் கோழிகள் மிரண்டன. "போன்லதான் வருதே, இது எதுக்குத் தண்டத்துக்கு?" என்று அருணகிரியே அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

ஆவணிக் கடைசியில் ஒரு இடி விழுந்தது. தென்னை ஒன்று கருகியது, ஆபீஸ் ஸ்விட்ச் செத்தது. அதே மாதிரி ஸ்விட்ச் வாங்க வேண்டும் என்றாள் இலக்கியா. அருணகிரி ராசிபுரத்துக் கேமராக் கடைக்குப் போய், எட்டு ஓட்டை உள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவோடு திரும்பி வந்தார். சொருகினார்கள். எல்லா விளக்கும் பச்சை. ஆரஞ்சே கிடையாது.

"பாத்தியா சாமி, இவன் வேலைக்காரன்" என்றார் அருணகிரி.

"இதுக்கு அடைக்கத் தெரியாதுங்க மாமா. பேச்சப் பிரிக்கவும் தெரியாது. மத்த ரெண்டு பெட்டியும் அடைக்கறதப் பத்திப் பேசிக்கறதயும் இது கடத்தாது. வளையத்த இதுல மாட்டுனா எல்லாம் நின்னுரும்."

அவள் சேலத்தில் சொல்லி, சரியான ஸ்விட்ச்சுக்கு ஏற்பாடு செய்தாள். ஆயுத பூஜை கழித்துத்தான் வரும் என்றார்கள். அதுவரைக்கும் ஷெட்டிலிருந்து வரும் ஒயரைச் சொருகாமலே விட்டு, முனையில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டாள். "இத மட்டும் தொட்டுராதீங்க மாமா" என்றாள். "நான் எதுக்குத் தொடறேன்?" என்றார் அருணகிரி. அன்றைக்கு அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

பூஜைக்கு இலக்கியா பனமரத்துப்பட்டியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் புது டிராக்டர் எடுத்திருந்தான்; தங்கச்சி வந்துதான் முதல் பொட்டு வைக்க வேண்டும் என்று நின்றான்.

ஆயுத பூஜை நம் ஊர்ப்பக்கத்தில் எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாளே ஒட்டடை, சோப்புத் தண்ணீர், ஈரத்துணி. அன்றைக்குக் காலையில் கழுவிய லாரிகள் வாழைமரம் கட்டிக்கொண்டு நிற்கும். ஸ்பேனரிலிருந்து கால்குலேட்டர் வரைக்கும் சந்தனம் குங்குமம் வாங்காத சாமான் இருக்காது. பூஜை முடிந்துவிட்டால் எந்த ஆயுதத்தையும் எடுக்கக் கூடாது. மில் ஓடாது, எடைமேடை இறங்காது, கம்ப்யூட்டரைத் திறக்கவே மாட்டார்கள். மறுநாள் எடுத்தால்தான் உண்டு. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அருணகிரியும் சும்மா இருப்பார். கோழிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. ஆட்கள் காலையிலேயே முட்டையைப் பொறுக்கி, தீவனத்தைத் தள்ளிவிட்டு, ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

மாரியப்பன் மட்டும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் வேணா சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டுங்களா?"

"இருந்து? நல்ல நாளும் அதுவுமா அந்த ஸ்டூலத் தேய்க்கறதா? எல்லாந்தான் போன்ல வருதே. ஊட்டுக்குப் போயிக் கொழந்தைகளோட இரு."

"போயிட்டு வாரேனுங்க."

அவன் போனபிறகு அருணகிரி சந்தனக் கிண்ணத்தோடு ஜெனரேட்டருக்கு வந்தார். அதன் இன்ஜின் காத்தாடிக்குப் பக்கத்தில் பொட்டு வைக்க வேண்டும். தானாக ஓடுகிற சனியன், கை உள்ளே இருக்கும்போது கிளம்பினால் என்ன ஆகும்? ஆட்டோ என்றிருந்த திருகை ஆஃபில் வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டும்போது தனசேகர் போன் செய்தான். பேசிக்கொண்டே ஆபீசுக்கு நடந்துவிட்டார். திருகு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆபீசில் மேஜைக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு. கண்ணாடிக் கதவைத் திறந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கும் ஒரு பொட்டு. அப்போதுதான் ஆணியில் தொங்கிய ஒயர் கண்ணில் பட்டது. டப்பாவில் ஒரு ஓட்டை காலியாக இருந்ததும் பட்டது. பண்ணையில் உள்ள அத்தனை சாமானும் குளித்து, பொட்டு வைத்து, அதனதன் இடத்தில் இருக்கிறது; இது மட்டும் துக்க வீட்டு ஆள் மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. அவருக்கு விரல் நமநமத்தது. மருமகள் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு நிமிஷம் சொருகி, பொட்டு வைத்து, தீபம் காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். டேப்பை உரித்து உருட்டினார். சொருகினார். டிக் என்ற சத்தம், பச்சை விளக்கு.

பச்சை மட்டுமல்ல. கற்பூரம் காட்டக் காட்ட டப்பாவின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக, வெகு வேகமாக மின்ன ஆரம்பித்தன. இத்தனை நாளில் அவை அப்படி மின்னி அவர் பார்த்ததில்லை. கும்பிட்ட கையை எடுக்காமல் நின்றார். எல்லாம் ஒருசேர வேலை செய்வதைப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது. அந்த மனநிலையில் யார்தான் போய் ஒயரைப் பிடுங்குவார்கள்? நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இருக்கும் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

அந்த நேரம் பண்ணைக்குள் சந்தை கூடிவிட்டது. கேமரா கத்தியதை டப்பா கத்தியது, டப்பா கத்தியதை மில் கத்தியது, மில் கத்தியதை ஷெட் கத்தியது, அது மறுபடி டப்பாவுக்கு வந்தது. அலாரம் வாயைத் திறந்தாலும் கேட்பதற்கு ஆளில்லை. வேறு நாளாக இருந்தால் பில் போடும் பெண் அரை நிமிஷத்தில் சத்தம் போட்டிருப்பாள். அன்றைக்குக் கம்ப்யூட்டரின் மேல் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.

இலை போட்டு, வடை விழுந்த நேரத்தில் இலக்கியாவின் போன் வந்தது. ஷெட்டிலிருந்து 'நான் நலம்' என்று அவ்வப்போது ஒரு செய்தி அவளுக்கு வரும், அது நின்றுபோயிருந்தது.

"மாமா, சாப்டீங்களா?"

"சாப்புட்டுக்கிட்டே இருக்கறேன் சாமி. அங்க பூச ஆச்சா?"

"ஆச்சுங்க. மாமா, பண்ணையில நெட்டு வரல. அந்தச் செவப்பு டேப்பு ஒயர யாராவது தொட்டீங்களா?"

சம்பந்தி வீட்டில் அத்தனை பேர் கூடியிருக்க, மருமகள் வாத்தியாரம்மா மாதிரி கேட்கிறாள். அருணகிரிக்கு நாக்கில் உண்மை இருந்தது. தலை நரைத்த மனிதனுக்கு அதை வடையோடு சேர்த்து விழுங்குவது சுலபமாக இருந்தது.

"அத யாரு தொடறா? எல்லாரும் ஊட்டுக்குப் போயாச்சு."

"செரிங்க மாமா. அப்ப வெளிய இண்டர்நெட் லைன்தான் போயிருக்கோணும். நான் அவங்களுக்குப் போன் பண்ணிப் பாக்கறேன். எதுக்கும், ஜெனரேட்டர்கிட்ட மாரியப்பண்ணன் இருக்காரல்லங்க?"

எல்லாரும் போயாச்சு என்று இப்போதுதான் சொன்னோமே என்று அவருக்கே தோன்றியது. பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

"அவன் இருக்கறான், இருக்கறான். நீ நிம்மதியா இரு."

போனை வைத்துவிட்டுப் பாயசத்தைக் குடித்தார். சாப்பிட்ட பிறகு பண்ணைக்குப் போய் ஒயரை எடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வெளியே வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. காத்தாடிக்குக் கீழே பாய் விரித்திருந்தது. வருஷத்தில் ஒரு நாள். படுத்தார்.

அவர் கண்ணயர்ந்த சிறிது நேரத்தில் கரண்ட் போனது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் தலைக்கு மேல் காத்தாடி நிற்கவில்லை. பனமரத்துப்பட்டியில் இலக்கியா இண்டர்நெட் கம்பெனியின் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எங்கள் லைனில் கோளாறு இல்லை என்று அவர்கள் சொல்ல, நன்றாகப் பாருங்கள், எங்கள் பக்கம் யாரும் எதையும் தொடவில்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமனார் சொன்னதை அப்படியே அவர்களுக்குச் சொன்னாள்.

மாரியப்பன் வீடு பண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம். கரண்ட் போனதும் பழக்க தோஷத்தில் காதைத் தீட்டினான். ஜெனரேட்டர் சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்; அதனால் கேட்கவில்லை என்று நினைத்தான். எல்லாந்தான் போனில் வருதே என்று முதலாளி சொன்னது வேறு. கொஞ்ச நேரம் குழந்தைகளுக்குப் பொரி உருட்டிக் கொடுத்தான். மனசு கேட்கவில்லை. சட்டை போடாமலே சைக்கிளை எடுத்தான்.

கேட்டுக்கு வந்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பண்ணை அவ்வளவு அமைதியாக இருந்து அவன் கேட்டதேயில்லை. ஓடிப்போய்த் திருகைத் திருப்பி ஜெனரேட்டரைக் கிளப்பினான். காத்தாடிகள் சுற்றின. பிறகுதான் ஷெட் கதவைத் திறந்தான். முகத்தில் அடித்த அனலில் பின்னால் சாய்ந்துவிட்டான். முன்பக்கக் கூண்டுகளில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நடுவிலிருந்து கடைசி வரைக்கும் நிற்கிற கோழி ஒன்றுகூட இல்லை.

மாரியப்பன் போன் செய்ததும் அருணகிரி எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. வேட்டி ஓரத்தை மிதித்துக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தார். கோழி வளர்த்துக் காணாத சாவு இல்லை. நோய் வந்து கொத்துக்கொத்தாக விழுந்ததை எல்லாம் பார்த்தவர்தான். இவை நோயில் போனவை இல்லை. காலையில் முட்டை வைத்தவை. தட்டில் இன்னும் எடுக்காத முட்டைகள்கூட இருந்தன. ஒரு கூண்டில் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

இலக்கியா இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். நேரே ஆபீசுக்குப் போனாள். கண்ணாடிக் கதவைத் திறந்தாள். விளக்குகள் இன்னும் பேய் பிடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. எந்த ஒயர் என்று அவள் தேடவே தேவையில்லை. சொருகிய முனையில் சந்தனம் வைத்து, அதன் மேல் அழகாகக் குங்குமம் வைத்திருந்தது. உருவினாள். அடுத்த நிமிஷம் அவள் போனிலும், ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்த அருணகிரியின் போனிலும் அலாரங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. சூடு. மறுபடி சூடு. மறுபடி சூடு. ஷெட் அத்தனையையும் சேர்த்து வைத்திருந்து இப்போது சொன்னது. அருணகிரி போனை அணைக்கவில்லை. அது அடித்து ஓயும் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஜேசிபி வந்து பின்பக்கம் குழி தோண்டியது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள், டாக்டர், சொந்தக்காரர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. அவர்களுக்கு நடுவில் மாரியப்பன் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். ராத்திரி முழுக்க அழுத முகம்.

"எல்லாம் என்னாலதானுங்க. காலையில ஜெனரேட்டரத் தொடைக்கறப்ப ஆஃபுல வெச்சுட்டேன். திருப்பி ஆட்டோவுல போட்டனாங்கறது நெனவே இல்லீங்க. நான் இனி இங்க இருக்கறதுல நாயமில்லீங்க."

கூட்டம் அருணகிரியைப் பார்த்தது. ஒரு தப்புக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் ஊருக்கு அதைவிட நிம்மதி வேறு இல்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், காரியம் முடிந்தது. இலக்கியா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அருணகிரி மாரியப்பனுக்கு முன்னால் போய் நின்றார்.

"நீ வெக்கலடா" என்றார். "நீ போன பொறவு பொட்டு வெக்க வந்த நாந்தான் ஆஃப் பண்ணுனேன். நாந்தான் மறந்தேன்."

மாரியப்பன் ஒரு கணம் விழித்தான். அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டு அவர் காலில் விழுந்தான். "இத்தன நட்டத்துலயும் என்னயக் காப்பாத்தோணும்னு உங்க மேல போட்டுக்கறீங்களே சாமி!"

"டேய், நெசமாத்தான்டா சொல்றேன். அந்த ஒயரையும் நாந்தான் சொருகுனேன். அதனாலதான் அலாரம் வரல. என்ற பொட்டு அதுல இருக்குது, போயிப் பாரு."

"விடுங்கண்ணா" என்று பக்கத்துப் பண்ணை மாதேஸ்வரன் அவர் தோளைத் தொட்டார். "பொட்டு எதுலதான் இல்ல நேத்து? வேலக்காரன உட்டுக் குடுக்கக் கூடாதுன்னு நெனைக்கறீங்க. உங்க கொணம் எங்களுக்குத் தெரியாதா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படியொரு முதலாளியை இந்தக் காலத்தில் பார்க்க முடியுமா என்று யாரோ பின்னால் சொன்னது அருணகிரியின் காதில் விழுந்தது. அவர் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர் பெருமைதான் ஏறியது. கடைசியில் மாரியப்பனைத் தூக்கி நிறுத்தி, "போ, ஜெனரேட்டர்கிட்ட உக்காரு" என்றார். அதற்கும் கூட்டம் நெகிழ்ந்தது.

எல்லாரும் போனபிறகு ஆபீசுக்குள் வந்தார். இலக்கியா நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்பு டேப்பை அந்த ஒயரின் முனையில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். சந்தனத்தைத் துடைத்திருந்தாள்.

"ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறானே சாமி" என்றார். "உனக்காவது தெரியுமில்ல?"

"தெரியுமுங்க மாமா."

"நேத்து நீ போன்ல கேட்டப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கோணும். அந்த ஒயரத்தான மொதல்ல கேட்ட. நீ ஒரு வார்த்த அதட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

இலக்கியா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"சந்தேகப்பட்டுத்தான் கேட்டேன். நீங்க இல்லைன்னீங்க. மாரியப்பண்ணனும் இருக்காருன்னீங்க." அவள் எழுந்து ஒயரை ஆணியில் மாட்டினாள். "மாமா சொல்றாரேன்னு நம்பிட்டேனுங்க."